பலகையில் 50, முள்ளில் எத்தனை?

கொழும்பிலிருந்து காலி நகருக்குப் போகும் காலி வீதியில், வெள்ளவத்தைச் சந்தைக்குக் கிட்ட மஞ்சள் கடவையில் காலை எட்டரைக்கு நிற்பவருக்கும் இரவு பத்தரைக்கு நிற்பவருக்கும் வேக எல்லை ஒன்றுதான். குடிமனைகள் நிறைந்த பகுதி என்பதால் மணிக்கு 50 கிலோமீற்றர். முச்சக்கர வண்டி என்றால் 40. காலையில் அந்த 50 வெறும் பகிடி. மொரட்டுவையிலிருந்து வரும் 101 பஸ்ஸை நடந்தே முந்திவிடலாம். இரவில் அதே 50 இன்னொரு விதமான பகிடி. வீதி வெளித்துக் கிடக்கும். எழுபதில் வரும் மோட்டார் சைக்கிளின் சத்தம் கேட்டு நாம் திரும்புவதற்குள் அது பாலத்தைத் தாண்டியிருக்கும்.

என் பெரியம்மா கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையொன்றில் இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. மயூராபதி அம்மன் கோயிலுக்குப் போக வேண்டுமென்றால் காலி வீதியைக் கடந்தாக வேண்டும். பின்னேர நெரிசலில் கையை உயர்த்திக்கொண்டு ராணி மாதிரி இறங்கிவிடுவார். பூசை முடிந்து பிந்தித் திரும்பும்போது யாராவது கூட நின்றால்தான் கடப்பார். "சனம் நிறைஞ்ச ரோட்டுக்குப் பயமில்லை, வெறும் ரோட்டுக்குத்தான் பயம்" என்பார். வீதிப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் அரை நூற்றாண்டாகச் சொல்லிவருவதற்கும் பெரியம்மா சொல்வதற்கும் அதிக தூரமில்லை.

வேக எல்லையைக் குறைத்தால் உயிர்கள் மிஞ்சுமா என்ற கேள்விக்கு என் பதில்: மிஞ்சும், வாகனத்தின் வேகமானி முள் இறங்கினால். பலகையில் எழுதியிருக்கும் எண் இறங்குவது வேறு கதை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் ஒருவர் "எல்லையைக் குறைத்ததும் சாவு பாதியானது" என்பார், இன்னொருவர் "குறைத்தார்கள், ஒன்றுமே நடக்கவில்லை" என்பார். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்வார்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 50 கி.மீ. வேகம் என்றால் ஒரு செக்கனில் ஏறத்தாழ 14 மீற்றர். கடவையில் ஒரு பிள்ளை இறங்குவதைக் கண்ணால் கண்டு, கால் பிரேக்கை மிதிப்பதற்கு, நல்ல விழிப்போடு இருக்கும் சாரதிக்கே ஒரு செக்கன் போய்விடும். அந்த 14 மீற்றரில் வேகம் கொஞ்சமும் குறைந்திருக்காது. அப்புறம்தான் பிரேக் பிடிக்கத் தொடங்கும். காய்ந்த தார் வீதி, நல்ல டயர் என்றால் இன்னும் 14 மீற்றர். மொத்தம் 28. இதே கணக்கில் 40இல் வருபவர் 20 மீற்றரில் நின்றுவிடுவார். 30இல் வருபவருக்கு 13 மீற்றருக்குக் கொஞ்சம் மேலே.

மூன்று வாகனமும் பக்கம் பக்கமாக வருகின்றன என்று வையுங்கள். 30இல் வந்தவர் நின்றுவிட்ட இடத்தில், 50இல் வந்தவரின் கால் இன்னும் பிரேக்கைத் தொட்டே இருக்காது. அங்கே பிள்ளை நின்றால் முழு 50இல் அடிபடும். 40இல் வந்தவர் நின்ற இடத்தைக்கூட 50காரர் ஏறத்தாழ 37 கி.மீ. வேகத்தில் தாண்டிப் போவார். பத்துக் கிலோமீற்றர் வித்தியாசம்தானே என்று நாம் நினைப்பது, மோதும் கணத்தில் முப்பத்தேழாக மாறிவிடுகிறது. இதைப் பள்ளிக்கூடத்தில் பௌதிகவியல் படித்த எல்லோருக்கும் தெரியும். இயக்க சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். ஆனால் தெரிந்த ஒன்றை ஸ்டியரிங் பிடிக்கும்போது நினைப்பவர் யார்? மழை பெய்த வீதி, தேய்ந்த டயர், கையில் ஃபோன் என்றால் மேலே சொன்ன எண்கள் எல்லாம் இன்னும் கூடும்.

அடிபட்டவர் பிழைப்பாரா என்பது அடுத்தது. 50இல் அடிபட்டால் பத்தில் எட்டுப் பேர் இறப்பார்கள் என்று ஒரு கணக்கு நெடுங்காலமாகச் சுவரொட்டிகளில் ஓடிக்கொண்டிருந்தது. அது கொஞ்சம் மிகை. பழைய தரவுகளில் ஆஸ்பத்திரிக்குப் போகாத சின்னச் சின்ன மோதல்கள் பதிவாகவில்லை, மோசமானவையே சேர்ந்துவிட்டன. ஜேர்மனியின் விரிவான விபத்துப் பதிவுகளை வைத்து 2009இல் வெளியான ஆய்வு, 50இல் இறக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்றுக்கும் கீழே என்றது. ஆனால் அதே ஆய்வுதான், 50இல் உள்ள அபாயம் 40இல் உள்ளதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல், 30இல் உள்ளதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் என்றும் சொன்னது. எண் சிறுத்தாலும் ஏற்றம் அப்படியே செங்குத்தாக இருக்கிறது. அமெரிக்காவில் 2011இல் வந்த இன்னொரு ஆய்வு எனக்குப் பெரியம்மாவை நினைவூட்டியது: மணிக்கு 40 கி.மீ.யில் அடிபடும் எழுபது வயதுக்காரரின் அபாயமும், 56 கி.மீ.யில் அடிபடும் முப்பது வயதுக்காரரின் அபாயமும் ஏறத்தாழ ஒன்று. அதாவது பெரியம்மாவுக்கு 40 என்பது எனக்கு 56. இதெல்லாம் அம்புலன்ஸ் சீக்கிரம் வந்து சேரும் நாடுகளின் எண்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, ஒரு நகரம் முழுவதற்கும் இதை எப்படிக் கணக்கிடுவது? சுவீடனின் வீதிப் பாதுகாப்பு ஆய்வாளர் யோரான் நில்சன் 1980களில் ஒரு விதியைக் கண்டார். ஒரு வீதியின் சராசரி வேகம் 1 சதவீதம் இறங்கினால் உயிர்போகும் விபத்துகள் ஏறத்தாழ 4 சதவீதம் இறங்கும். பின்னால் நோர்வேயின் ரூனே எல்விக் நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, நாட்டுப்புற நெடுஞ்சாலைகளில் இது அப்படியே பொருந்துகிறது, நகர வீதிகளில் கொஞ்சம் மங்குகிறது என்றார். மங்கினாலும் சின்ன இறக்கத்துக்குப் பெரிய பலன் என்ற அடிப்படை மாறவில்லை. கவனிக்க வேண்டியது, இங்கே பேசப்படுவது சராசரி வேகம். பலகையைப் பற்றி நில்சன் ஒன்றும் சொல்லவில்லை.

பலகையை மட்டும் மாற்றினால் என்ன நடக்கும் என்று பிரித்தானியர்கள் பார்த்துவிட்டார்கள். லண்டனில் 1986 முதல் 2006 வரை, 20 மைல், அதாவது 32 கி.மீ. வலயங்களாக்கிய தெருக்களை ஆராய்ந்தபோது வீதிக் காயங்களும் இறப்புகளும் சுமார் 42 சதவீதம் குறைந்திருந்தன. அந்தத் தெருக்களில் பலகையோடு சேர்த்து வேகத்தடை மேடுகள் போட்டிருந்தார்கள், வீதியை அங்கங்கே ஒடுக்கியிருந்தார்கள். வேகமாக ஓட்ட நினைத்தாலும் ஓட்ட முடியாது. இன்னொரு பக்கம் பெல்பாஸ்ட் நகர மத்தியில் 2016இல் மேடும் போடாமல் ஒடுக்கவும் செய்யாமல் எல்லையை மட்டும் 20 மைலாக்கினார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்தால் சராசரி வேகம் ஒரு மைல்கூட இறங்கவில்லை. விபத்துகளிலும் உறுதியாகச் சொல்லக்கூடிய மாற்றமில்லை. அங்கே ஏற்கெனவே நெரிசலால் எல்லோரும் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். காலை எட்டரை மணி காலி வீதியில் பலகையை மாற்றுவது போலத்தான்.

அதற்காகப் பலகை சும்மா என்று முடிவுகட்டவும் முடியாது. பொதுவாக எல்லையைப் பத்துக் கிலோமீற்றர் குறைத்தால், வேறொன்றும் செய்யாவிட்டால், உண்மையான வேகம் இரண்டரை, மூன்று கிலோமீற்றர் இறங்கும். கேட்கச் சிரிப்பு வரும். ஆனால் 50இல் இரண்டரை என்பது 5 சதவீதம். எல்விக்கின் மங்கிய நகரக் கணக்கிலேயே அது உயிர்போகும் விபத்துகளில் எட்டில் ஒன்று. வேல்ஸ் நாடு 2023 செப்டெம்பர் 17 முதல் குடிமனை வீதிகளின் வழமையான எல்லையை 30 மைலிலிருந்து 20 மைலாக்கியது. முப்பது இலட்சம் பேர் கொண்ட நாட்டில் அதை எதிர்த்து நான்கரை இலட்சத்துக்கு மேல் கையெழுத்து விழுந்தது. ஆனாலும் அடுத்த ஒன்றரை வருடத்தில் அந்த வீதிகளில் அடிபட்டவர் தொகை சுமார் கால்வாசி குறைந்தது. எங்களைப் போல மோட்டார் சைக்கிளும் பஸ்ஸும் நடைபாதைக் கடைகளும் கலந்த ஊர் வேண்டுமென்றால் கொலம்பியாவின் பொகொட்டா இருக்கிறது. அங்கே 2018இல் தொடங்கி பெரிய வீதிகளின் எல்லையை 60இலிருந்து 50க்கு இறக்கி, கமெராவும் வைத்தார்கள். அந்த வீதிகளில் சாவு ஐந்தில் ஒன்றளவு குறைந்தது.

இந்த இடத்தில் வழக்கமாக ஒருவர் எழுந்து தெற்கு அதிவேகப் பாதையைக் காட்டுவார். 2011இல் திறந்ததிலிருந்து அங்கே 100இல் போகிறோம், காலி வீதியில் 50இல் போவதைவிட அதுதானே பத்திரம், பிறகு வேகத்தைக் குற்றம் சொல்வானேன்? நல்ல கேள்வி. அதிவேகப் பாதையில் முச்சக்கர வண்டி இல்லை, மோட்டார் சைக்கிள் இல்லை, நடப்பவர் இல்லை, சந்தி இல்லை, எதிரே வருபவருக்கும் நமக்கும் நடுவில் தடுப்பு இருக்கிறது. சுவீடனில் 1997இல் வீதிச் சாவைப் பூச்சியமாக்குவது என்று முடிவெடுத்தபோது இந்தக் கேள்வியைத் தலைகீழாகப் போட்டுப் பார்த்தார்கள். மனித உடம்பு எதைத் தாங்கும்? நடப்பவரும் வாகனமும் கலக்கும் இடத்தில் 30. வாகனங்கள் குறுக்கே மோதக்கூடிய சந்திகளில் 50. நேருக்கு நேர் மோதக்கூடிய, நடுவில் தடுப்பில்லாத வீதியில் 70. எதுவுமே குறுக்கே வராத வீதியில் 100க்கு மேலும் போகலாம். இந்த அளவுகோலால் பார்த்தால் அதிவேகப் பாதையின் 100 நியாயமானது. வெள்ளவத்தைச் சந்தையடியில் 50 நியாயமில்லாதது. 2020 பெப்ரவரியில் ஸ்டொக்ஹோம் நகரில் கூடிய நாடுகள், நடப்பவரும் சைக்கிள்காரரும் வாகனத்தோடு கலக்கும் இடங்களில் 30 என்று பிரகடனம் செய்தது இந்தத் தர்க்கத்தில்தான். ஹெல்சிங்கியில் பாதிக்கு மேற்பட்ட தெருக்கள் இப்போது 30தான். 2025 நடுப்பகுதி வரையான ஒரு முழு வருடத்தில் அந்த நகர வீதிகளில் ஒருவர்கூட இறக்கவில்லை. இலங்கையில் நாளொன்றுக்கு ஆறேழு பேர் வீதியில் இறக்கிறார்கள். பெரும்பகுதி மோட்டார் சைக்கிளில் போனவர்களும் நடந்து போனவர்களும்.

மெதுவாகப் போவதும் ஆபத்து என்ற வாதம் இன்னொன்று. எல்லோரும் ஒரே வேகத்தில் போனால் விபத்து குறைவு, விலகிப் போகிறவர்தான் பிரச்சினை என்று 1964இல் அமெரிக்காவில் டேவிட் சொலமன் ஒரு வரைபடம் போட்டார். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அங்கே மெதுவாகப் போய் அடிபட்டவர்களில் பலர் திரும்புவதற்காக வேகத்தைக் குறைத்தவர்கள் என்று பின்னால் தெரிந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து என்னை ஏற்றிவந்த ஆட்டோக்காரத் தம்பி சொலமனைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார், ஆனால் அதையே சொன்னார்: "நாப்பதுல போனா பின்னால வாறவன் ஹோர்ன் அடிச்சே கொன்னுருவான் அண்ணே." அவர் சொல்வது சரி. அதற்கு மருந்து அவரை அறுபதில் ஓடவிடுவதில்லை. பின்னால் வருகிறவனை இறக்குவது.

நேரம் வீணாகும் என்பதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். மூன்று கிலோமீற்றரை 50இல் நிற்காமல் ஓடினால் 3 நிமிடம் 36 செக்கன். 40இல் நான்கரை நிமிடம். வித்தியாசம் 54 செக்கன், அதுவும் கலர் லைட் ஒன்றுகூடச் சிவக்காத கற்பனை வீதியில். உண்மையில் பம்பலப்பிட்டிச் சந்தியில் எல்லோரும் ஒன்றாகத்தான் நிற்கப்போகிறோம்.

இனிப் பெரியம்மாவின் வெறும் ரோட்டுக்கு வருகிறேன். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, பெற்றோலை மிச்சப்படுத்த அமெரிக்கா நாடு முழுவதும் 55 மைல் எல்லையைக் கொண்டுவந்தது. உயிரைக் காப்பது நோக்கமாக இருக்கவில்லை. ஆனால் 1973இல் 54,000 ஆக இருந்த வீதிச் சாவு 1974இல் 45,000 ஆகியது. பெற்றோல் இல்லாததால் ஓட்டமும் குறைந்தது, அதையும் கழிக்க வேண்டும். எவ்வளவு கழிப்பது என்று நெடுநாள் சண்டை. 2020இல் அதற்கு எதிர்ப்பக்கச் சோதனை தானாகவே நடந்தது. கொரோனாவால் அமெரிக்க வீதிகள் வெறிச்சோடின, ஓடிய தூரம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. சாவு குறையவில்லை, ஏறத்தாழ 7 சதவீதம் கூடி 39,000ஐ நெருங்கியது. நெரிசல்தான் அங்கே வேகத்தடையாக இருந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டதும் முள் ஏறிவிட்டது. நாங்கள் தினமும் திட்டித் தீர்க்கும் காலி வீதி நெரிசல், யாருக்கும் தெரியாமல் எத்தனை பேரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறதோ.

ஆகவே கொழும்பில் பலகையை 50இலிருந்து 40 ஆக்கினால் பகலில் பெரிதாக ஒன்றும் நடக்காது. வித்தியாசம் வர வேண்டியது இரவிலும் விடியற்காலையிலும், கடலோர மரைன் டிரைவ் போன்ற நீண்ட நேர் வீதிகளிலும்தான். அங்கே யார் பார்க்கிறார்கள்? தண்டப்பணத்தை 2018இல் கூட்டினார்கள். எல்லையை எவ்வளவு மீறினோமோ அதற்கேற்ப 3,000 ரூபாயிலிருந்து 15,000 வரை. தொகை பெரிதுதான். ஆனால் பிடிபடுவோம் என்ற நிச்சயம் இல்லாத இடத்தில் 15,000 என்பதும் லொத்தர் மாதிரி, மற்றவனுக்கு விழும் ஒன்று. கமெராக்களைப் பற்றிய 35 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அவற்றுக்குக் கிட்ட கடும் விபத்துகள் 11 முதல் 44 சதவீதம் வரை குறைந்திருந்தன. காரணம், கமெராவுக்குத் தூக்கம் வராது, ஆள் பார்க்காது. கொழும்பில் 2024 ஜனவரியிலிருந்து பொலிஸார் சிசிடிவி பார்த்துத் தண்டம் எழுதத் தொடங்கியது நல்ல தொடக்கம்.

கமெரா இல்லாத வீதியில் நாங்கள் செய்யும் ஒரு புண்ணிய காரியம் உண்டு. ஸ்பீட் கன்னோடு பொலிஸார் நிற்பதைக் கண்டால் எதிரே வருபவருக்கு லைட் அடித்துக் காட்டுவோம். சாதி மதம் மொழி பாராமல் இந்த நாட்டில் ஒருவருக்கொருவர் செய்யும் உதவி இது ஒன்றுதானோ என்று சில நேரம் தோன்றும். நானும் அடித்திருக்கிறேன். அந்த வெளிச்சம் காப்பாற்றுவது சாரதியின் பணத்தை; அந்த வளைவு தாண்டியதும் முள் பழைய இடத்துக்கே போய்விடும்.

வெள்ளவத்தை ஒழுங்கைகளில் இந்தக் கரைச்சல் குறைவு. ஒழுங்கையே ஒடுக்கம், இரண்டு பக்கமும் வாகனம் நிற்கும், நடுவில் சீமெந்து மேடு ஒன்று முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும். முப்பது என்று பலகை இல்லாமலே எல்லோரும் இருபதில் போவோம். காலி வீதிக்கு மேடு போட முடியாதுதான். ஆனால் கடவையையே நடைபாதை உயரத்துக்குத் தூக்கிக் கட்டலாம், கடக்கிறவர் பாதியில் நின்று மூச்சுவிட நடுவில் ஒரு திட்டு வைக்கலாம். இப்போது என்ன நடக்கிறது? இடப்பக்கம் ஒரு பஸ் மரியாதையாக நிற்கும். அதை நம்பிப் பெரியவர் ஒருவர் இறங்குவார். பஸ்ஸின் மறைவில் அவரைக் காணாத மோட்டார் சைக்கிள் பக்கத்தால் வெட்டிக்கொண்டு வரும். அந்த மோட்டார் சைக்கிள்காரர் சட்டப்படி 50இல்தான் வந்திருப்பார். மேலே சொன்ன 28 மீற்றர் அவருக்கு அங்கே இல்லை.

நின்ற பஸ்ஸைச் சொன்னேன், ஓடும் பஸ்ஸைச் சொல்லவில்லை. கொழும்பில் தனியார் பஸ்ஸின் வேகத்தைத் தீர்மானிப்பது பலகையுமில்லை, பொலிஸுமில்லை, அன்றைய கலெக்ஷன். முதலாளிக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, டீசலுக்குப் போட்டு, மிஞ்சினால்தான் சாரதிக்கும் நடத்துனருக்கும் வீட்டுக்கு. முன்னால் போகும் பஸ் அடுத்த தரிப்பிடத்துச் சனத்தை அள்ளிவிட்டால் இவர்களுக்கு வெறும் சீட். பின்னால் ஒருவன் நெருங்கினால் பறக்க வேண்டும். நெருங்காவிட்டால் சனம் சேரும்வரை ஊர வேண்டும். ஒரே பஸ், ஒரே சாரதி, ஒரே வீதியில் பத்து நிமிடத்துக்குள் பதினைந்திலும் அறுபதிலும் போவது இதனால்தான். மாதச் சம்பளமும் ஒழுங்கான நேர அட்டவணையும் வந்தால் இந்த முள் தானாக இறங்கும் என்பது என் எண்ணம்; எந்த எல்லைப் பலகையையும்விட அது மலிவாகக்கூட இருக்கலாம்.

இப்போதைக்கு அந்த வேலையைப் பார்ப்பவர் டைம் கீப்பர். தரிப்பிடத்து ஓரத்தில் ஒரு சின்னக் கொப்பியோடு நிற்பார். பஸ் உருளும்போதே நடத்துனர் ஒரு நோட்டை நீட்டுவார்; முந்திய பஸ் போய் எத்தனை நிமிடம் என்று அவர் கத்துவார். ஏழு என்றால் சாரதி கியரை மாற்றாமல் சனத்துக்குக் கண்ணை விடுவார். இரண்டு என்றால் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.